மியூசியத்துக்குள் மொபைல் கேம்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். அங்கே ஆடுவதற்கென்று போனில் ஓடும் சின்னச் சின்னத் துப்பறியும் ஆட்டங்களையும் எழுதிப் பார்த்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்ட ஆசிரியர்களும் பெற்றோர்களும் ஆப் செய்யத் தெரிந்த தம்பி தங்கைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். வெளிநாட்டு மியூசியங்கள் ஏற்கெனவே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டவை நிறைய இருப்பதால், உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். நம் ஊர்ப் பேச்சு கடைசிப் பகுதியில்.

வீட்டில்தான் எந்நேரமும் போன். மியூசியத்திலாவது அது இல்லாமல் இருக்கக் கூடாதா?

நியாயமான கவலை. போனே இல்லாமல் ஒரு பிள்ளை கூடத்தைச் சுற்றி வந்து நாலு கேள்வி கேட்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்குக் கேம் வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளோடு போனவர்களுக்குத் தெரியும்: முதல் கூடத்தில் ஆர்வம், இரண்டாவதில் வேகநடை, மூன்றாவதில் "தண்ணி வேணும்", நாலாவதில் "எப்போ வீட்டுக்குப் போறோம்?"

இது போன் வந்த பிறகு வந்த பழக்கமும் இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே 'மியூசியம் களைப்பு' என்று ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப்பெட்டிக்குள் இருப்பதைச் சரியாகப் பார்ப்பதற்கு ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது என்று வரிசையாகப் போட்டோ எடுத்தே காட்டினார். வளர்ந்த மனிதருக்கே அந்தப் பாடு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஓவியத்தின் முன் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடி என்று தெரியவந்தது. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. அந்த 17 விநாடியில் பெயர்ப்பலகையைப் படிக்கும் நேரமும் அடக்கம்.

நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தால் பெரியவர்களும் நிற்பார்கள், பிள்ளைகளும் நிற்பார்கள். கேம் அந்தக் காரணத்தைக் கொடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள்.

ஆனால் கையில் போன் இருந்தால் சிலையை எங்கே பார்ப்பார்கள்? திரையைத்தானே பார்ப்பார்கள்?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல முடியாத கேமை மியூசியத்துக்குள் விடவே கூடாது என்பது என் கருத்து.

லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்த மாணவர்களிடம் சில பொருட்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் போட்டோ எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, போட்டோ எடுத்த பொருட்கள் குறைவாகத்தான் நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு கையைக் கழுவிவிட்டது போல. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. அந்தப் பகுதி மட்டுமா, படத்தில் வராத மற்ற பகுதிகளும் நினைவில் இருந்தன.

கேம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய பாடம். "இந்தச் சிலையைப் போட்டோ எடு, பத்து புள்ளி" என்றால் பிள்ளை க்ளிக் செய்துவிட்டு ஓடும். "இந்தச் சிலையில் இடது கையும் வலது கையும் வேறு வேறு வேலை செய்கின்றன, எது என்ன?" என்றால் கிட்டே போகும், சுற்றி வரும், கூட வந்தவனோடு சண்டை போடும். பதில் பொருளில் இருக்க வேண்டும். திரையில் தேடினால் கிடைக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அப்படி நன்றாக வந்த ஒரு கேமைச் சொல்ல முடியுமா?

லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்காக 2010-ல் வந்த 'டேட் ட்ரம்ப்ஸ்' எனக்கு மிகவும் பிடித்தது. ஐபோனில் ஆடும் ட்ரம்ப் கார்டு ஆட்டம். 90-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட கார்டைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு "உயரம்!", "எடை!", "ரேங்க்!" என்று கத்துவோமே, அதேதான். டேட்டில் வீரர்களுக்குப் பதிலாகக் கலைப்படைப்புகள்.

முதலில் எந்த வகை ஆட்டம் என்று நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வகையில் கேள்வி இது: இந்தப் படைப்புக்கு உயிர் வந்தால் சண்டையில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? இன்னொன்றில் அது உங்களுக்குள் என்ன உணர்வைக் கிளப்புகிறது என்று யோசிக்க வேண்டும்: பயமுறுத்துகிறதா, உற்சாகம் தருகிறதா, கிறுக்குத்தனமாக இருக்கிறதா? மூன்றாவது, சொந்தமாக ஒரு கலைக்கூடம் வைப்பவரின் கணக்கு: எது புகழ்பெற்றது, எது புதியது, எது வீட்டில் வைக்கத் தோதானது? வகையைத் தேர்ந்ததும் எல்லாரும் கூடங்களுக்குள் பிரிந்து போய்த் தங்கள் கார்டுகளைச் சேகரித்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் கூடி ஆடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கேம் கேட்கும் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. ஓவியரின் பெயர் தெரியாத பிள்ளையும், கலை வரலாறு படித்தவரும் ஒரே நிலையில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு நவீனச் சிற்பத்தின் முன்னால் நின்று "இது சண்டை போட்டால் ஜெயிக்குமா?" என்று ஒரு பிள்ளை நிஜமாகவே யோசிக்கிறது என்றால், அதன் எடை, பொருள், கூர்மை, நிற்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்க்கும் வேலை எல்லாம் அரங்கில் நடக்கிறது, போன், கார்டு சேர்த்துத் திரும்பி வந்து ஆடுவதற்கு மட்டும்தான்.

நம் ஊரில் இதை அப்படியே எடுத்துவர ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: சுவாமி சிலைகளைச் சண்டைக்கு விட வேண்டாம். அவற்றைக் கும்பிடுகிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதியில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, அங்கே தாராளமாக ஆடுங்கள்.

கேமை மியூசியத்துக்குள்தான் ஆட வேண்டுமா? வீட்டிலேயே ஆடும்படி செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அது வேறு வேலைக்கான கேம். உள்ளே ஆடும் கேம் வந்தவரை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. வெளியே ஆடும் கேம், வராதவருக்கு அந்த இடத்தை அறிமுகம் செய்கிறது.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் இத்தாலியின் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பாம்பேய் நகரிலிருந்து கிடைத்த ஓவியங்களும் மொசைக்குகளும் இருக்கும் இடம். அவர்கள் 2017-ல் 'ஃபாதர் அண்ட் சன்' என்று ஒரு கேமை இலவசமாக வெளியிட்டார்கள். கதை எளிமையானது. மைக்கேல் என்ற இளைஞன், தான் பார்த்தே அறியாத தன் தந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள நேப்பிள்ஸ் வருகிறான். தந்தை அந்த மியூசியத்தில் வேலை பார்த்த தொல்லியலாளர். மைக்கேல் தெருக்களில் நடக்கிறான், மியூசியத்துக்குள் போகிறான், அங்கிருக்கும் பொருட்கள் வழியே பழைய பாம்பேய்க்கும் எகிப்துக்கும் கதை தாவுகிறது. சுடுவது இல்லை, புள்ளி இல்லை. கையால் வரைந்த அழகான காட்சிகளில் நடந்து, பேசி, தேர்வு செய்து போக வேண்டியதுதான். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பதிவிறக்கினார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் வைத்த ஒரு சின்னக் கண்ணி. நேரில் மியூசியத்துக்குப் போனால் கேமில் கூடுதலாகச் சில விஷயங்கள் திறக்கும். வீட்டிலிருந்து ஆடும் பையனுக்கு, அந்த வாசல் நிஜத்தில் இருக்கிறது என்பது மறக்காமல் இருக்கும். அதோடு அவர்கள் தேர்ந்த கதையைப் பாருங்கள். பாம்பேயின் வரலாற்றுப் பாடத்தை வினாடி வினாவாக்கி விற்கவில்லை. அப்பாவைத் தெரியாத ஒரு மகனின் ஏக்கத்தைச் சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ளத் தொல்லியல் தெரிந்திருக்கத் தேவையில்லை, ஆனால் கதை முடியும்போது, பழைய பொருட்களை ஏன் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தேடுகிறார் என்பது ஆடியவருக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கும்.

'சிறுவர்' என்றால் எந்த வயது?

ஐந்து வயதும் பதினைந்து வயதும் ஒரே கேமை ஆடாது. நான் பார்த்தவரை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எதைக் கொடுத்தாலும் பாய்ந்து ஆடுவார்கள். அதற்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் வாசித்துக்காட்ட வேண்டும், எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்ட வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணை உருட்டும் கார்ட்டூன் ஆமையைக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு உண்மையான சிக்கலைக் கொடுங்கள்: இந்தப் பொருள் போலியா அசலா, இது யாருக்குச் சொந்தம், இதை இங்கே கொண்டுவந்தது சரியா?

அப்புறம், வயதைவிட முக்கியமானது எத்தனை பேர் சேர்ந்து ஆடுகிறார்கள் என்பது. ஸ்மார்ட்போன் காலத்துக்கு முன்பே, 2000-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கேம் நடத்தினார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆட வேண்டும். திருட்டுக் கும்பல் ஒன்று ஒரு காட்சிப்பொருளைத் திருடிவிட்டுப் போலியை வைத்துவிட்டது, எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு: உயிரியலாளர், தொழில்நுட்ப வல்லுநர், துப்பறிவாளர். ஒருவருக்குக் கிடைக்கும் தகவல் மற்றவருக்குக் கிடைக்காது. கையில் அந்தக் காலத்துச் சிறு கணினியும் வாக்கி-டாக்கியும். ஆகவே பேசியே தீர வேண்டும். பன்னிரண்டு வயது மகளிடமிருந்து அப்பா தகவல் கேட்டுப் பெற வேண்டிய நிலை. கருவிகள் பழசாகிவிட்டன, அந்த ஏற்பாடு இன்றைக்கும் பழசாகவில்லை.

ஆளுக்கொரு போன் வேண்டுமா? எங்கள் வகுப்பில் நாற்பது பேர்.

வேண்டாம். நாலு பேருக்கு ஒரு போன் போதும், அதுதான் நல்லதும்கூட. போன் வைத்திருப்பவர் வாசிப்பார், மற்ற மூன்று பேர் கண்ணால் தேடுவார்கள். கேள்விக்குக் கேள்வி போன் கைமாற வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆள் பிடித்துக்கொள்வார். வீட்டில் போன் இல்லாத பிள்ளை குறுகி நிற்க வேண்டிய அவசியமும் இருக்காது. பத்துக் குழுக்களும் ஒரே காட்சிப்பெட்டியை முட்டாமல் இருக்க, ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு கூடத்தில் தொடங்கட்டும்.

எந்தத் தொழில்நுட்பம் நல்லது? ஜிபிஎஸ்ஸா, க்யூஆர் கோடா?

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் நம்பிக்கைக்கு உரியதல்ல. எந்தத் தளம், எந்தப் பெட்டி என்று அதற்குத் தெரியாது. புளூடூத் பீக்கன்கள் (பக்கத்தில் வரும் போனுக்குச் சைகை அனுப்பும் சின்னக் கருவிகள்) பொருத்தலாம், ஆனால் அவற்றின் பேட்டரியை யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். க்யூஆர் கோடு மலிவு, எளிது. அதையும் மியூசியத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எங்கும் ஒட்டாதீர்கள்.

எனக்குப் பிடித்தது எதையும் ஒட்டாத முறை. பெயர்ப்பலகையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணையோ, பொருளில் இருக்கும் ஒரு விவரத்தையோ பிள்ளை டைப் செய்தால் அடுத்த கட்டம் திறக்கும். இடத்துக்கு வந்தார்களா என்பதற்கு அந்த விவரமே சாட்சி.

ஆப்பா, இணையப் பக்கமா என்றால், இணையப் பக்கம். நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டு வாசலில் நிற்கும் குடும்பத்திடம் "முதலில் ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க" என்றால் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். போனில் இடமில்லை, பாஸ்வேர்டு ஞாபகமில்லை, நெட் மெதுவாக இருக்கிறது என்று ஆயிரம் தடைகள். பக்கத்தை ஒருமுறை திறந்தால் இணையம் இல்லாமலும் ஓடும்படி செய்யுங்கள். பழைய கட்டடங்களின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் வராது. நான் ஒருமுறை பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு மியூசியத்தின் உள்கூடத்தில், சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தபடி கால்மணி நேரம் நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து கேள்விகளை அச்சடித்த தாளும் என் பையில் இருக்கும்.

சில கூடங்களில் போட்டோ எடுக்க அனுமதி இருக்காது, சில இடங்களில் போனையே வெளியே வைக்கச் சொல்வார்கள். முன்கூட்டியே காப்பாட்சியரிடம் பேசிவிடுங்கள். கூடத்தில் நிற்கும் காவலர்களிடமும் சொல்லிவிடுங்கள். விஷயம் தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் துப்புக் கொடுக்கும் முதல் ஆள் பெரும்பாலும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆக்மென்டட் ரியாலிட்டி (கேமரா காட்டும் நிஜக் காட்சியின் மேல் படங்களைச் சேர்த்துக் காட்டுவது) இல்லாமல் இப்போது யாராவது ஆடுவார்களா?

ஆடுவார்கள். உடைந்த சிலையின் மேல் திரையில் தலையை ஒட்டிக் காட்டுவது முதல் முறை வியப்பாக இருக்கும், மூன்றாம் முறை அலுத்துவிடும். ஆனால் நன்றாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், பண்டைய கிரேக்கக் கோயிலான பார்த்தினனின் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில் பிள்ளைகளுக்காக 'எ கிஃப்ட் ஃபார் அதீனா' என்ற டேப்லெட் கேம் நடந்தது. திரையில் ஒரு சிலையின் கோட்டுருவம் வரும். கூடத்தில் அலைந்து, அந்தக் கோட்டோடு பொருந்தும் நிஜச் சிலையைப் பிடிக்க வேண்டும். தலையில்லாத, கையில்லாத சிலைகளுக்கு நடுவே தோள் சாய்வையும் முழங்கால் மடிப்பையும் வைத்துக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. சிற்பம் படிக்கும் மாணவர்கள் செய்யும் பயிற்சியேதான் அது.

அந்தச் சிற்பங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று கிரேக்க நாடு நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பதின்வயதினருக்கு அதைவிடச் சுவாரசியமான புதிர் அந்தக் கூடத்தில் இல்லை.

துயரமான வரலாற்றைக் கேமாக்கலாமா?

இடத்தைப் பொறுத்தது. 2016 ஜூலையில், நிஜ இடங்களுக்கு நடந்து போய்ப் போன் திரையில் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் 'போக்கிமான் கோ' கேம் வந்தபோது, வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்துக்குள் நின்று மக்கள் போக்கிமான் பிடித்தார்கள். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் அது. இங்கே ஆடாதீர்கள் என்று நிர்வாகம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. நாஜி வதைமுகாம் இருந்த போலந்தின் ஆஷ்விட்ஸ் நினைவிடமும் தன்னை அந்த கேமிலிருந்து நீக்கச் சொன்னது. இரண்டுமே சரி. அந்த இடத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை; வரைபடத்தில் அது ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

ஆனால் கனமான விஷயம் என்றாலே கேம் ஆகாது என்று ஒதுக்குவதும் தவறு. லண்டன் வெல்கம் கலெக்‌ஷன், போதைப்பொருட்களின் வரலாறு பற்றிய ஒரு கண்காட்சியை ஒட்டி 2011-ல் 'ஹை டீ' என்று ஒரு கேம் வெளியிட்டது. இது மொபைலுக்கு அல்ல, கணினியில் ஆடுவது. 1830-களில் சீனக் கரையில் அபின் கடத்தும் பிரிட்டிஷ் வணிகர் நீங்கள். வங்காளத்து அபினை வாங்கி, சீனத் துறைமுகங்களில் விற்று, அந்தக் காசில் தேயிலை வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும். ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க லாபக் கணக்கில் மூழ்கிவிடுவீர்கள். என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது பிறகுதான் உறைக்கும். அந்த உறைப்பைப் பெயர்ப்பலகையால் தர முடியாது. இதைப் பதினான்கு, பதினைந்து வயதுக்குக் கீழே கொடுக்க மாட்டேன், ஆடி முடித்ததும் உட்கார்ந்து பேசாமல் விடவும் மாட்டேன்.

பிள்ளைகளின் விவரங்களைச் சேகரிப்பது பற்றி?

சேகரிக்காதீர்கள். பெயர், போன் எண், பள்ளி, போட்டோ எதுவும் வேண்டாம். குழுவுக்கு ஒரு புனைபெயர் போதும், பிள்ளைகளுக்கு அதை வைப்பதே ஒரு விளையாட்டு. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பழைய காசுகளைப் பார்க்க வந்த குழந்தைக்கு விளம்பரம் காட்டுவது கேவலம்.

ஒரு முறை செய்துவிட்டால் எத்தனை வருடம் ஓடும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. லண்டன் சயின்ஸ் மியூசியத்தின் 'லாஞ்ச்பால்' 2007-ல் வந்த அருமையான கேம், விருதெல்லாம் வாங்கியது. இணையப் பக்கங்களில் ஆட்டங்களை ஓட்டிய ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்தது. 2020 கடைசியோடு ஃப்ளாஷையே நிறுத்திவிட்டார்கள். 2017-ல் ஆப்பிள், ஐபோன்களை இயக்கும் தன் ஐஓஎஸ் மென்பொருளின் புதிய பதிப்பில் பழைய 32-பிட் ஆப்களை ஓடவிடாமல் செய்தபோதும், பராமரிக்க ஆளில்லாத ஏராளமான ஆப்கள் ஒரே நாளில் செயலிழந்தன. மியூசியம் இரண்டாயிரம் வருடத்துப் பானையைப் பத்திரமாக வைத்திருக்கும், ஐந்து வருடத்து ஆப்பை வைத்திருக்க முடியாமல் போகும். ஆகவே செலவுத் திட்டம் போடும்போதே, செய்து முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் யார் என்று எழுதுங்கள். கேள்விகளையும் கதையையும் வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் தனியே வைத்திருங்கள். நிரல் போனாலும் ஆட்டம் போகாது.

சரி, நம் ஊரில் எங்கே, எப்படித் தொடங்குவது?

முதலில் தாளில் தொடங்குங்கள். ஒரே ஒரு கூடம், ஐந்தே ஐந்து கேள்விகள், நாலு பிள்ளைகள். தாளில் சுவையாக இல்லாத ஆட்டம் போனிலும் சுவையாக இருக்காது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில், ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்கள் இருக்கின்றன. அதே தூபியின் இன்னொரு பகுதிச் சிற்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எழும்பூரில் இருப்பவற்றில் வட்டவடிவச் சிற்பம் ஒன்று: மதம்பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி. "இந்த வட்டத்தில் எத்தனை யானைகள்?" என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளையும் இரண்டு என்று சொல்லும். ஒரு பக்கம் ஆட்களை மிதித்துத் தள்ளிக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் மண்டியிட்டுக் கிடக்கிறது. "இரண்டும் ஒரே யானையாக இருந்தால்?" என்பது அடுத்த கேள்வி. கல்லில் நேரம் ஓடுகிறது என்பது அப்போது சட்டென்று புரியும், மாடத்திலிருந்து எட்டிப்பார்க்கும் முகங்களையும் தாங்களே கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டுவார்கள். காமிக்ஸ் படிக்கிற தலைமுறை இது, ஒரு கட்டத்துக்குள் இரண்டு கட்டத்தை அடைத்திருக்கிறார்கள் என்று ஒரு பையன் எனக்கே விளக்கினான்.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் இன்னும் பொருத்தமான இடம். அகழாய்வில் பகடைக்காய்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் பாண்டி ஆடும் சில்லு போன்ற வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் வைகைக் கரையில் யாரோ ஆடித் தொலைத்த காய்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, நாம் 'மியூசியத்தில் விளையாட்டு எதற்கு' என்று கேட்க முடியுமா? அங்கே பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன, 'ஆதன்' என்பது போல. போனில் தமிழ் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றைக் கொடுத்து, ஓட்டில் இருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததால் பிள்ளைகள் தடுமாறுவார்கள், அந்தத் தடுமாற்றத்தைக் கெடுத்துவிடாதீர்கள். வாசித்து முடித்ததும், தன் பெயரை அதே எழுத்தில் எழுதுவது அடுத்த கட்டம். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மொழி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளையிடம் நேரில் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே தமிழில் எழுதுங்கள். "கீழ்க்கண்ட தொல்பொருளை அடையாளங்காண்க" என்று வந்தால் பரீட்சை ஞாபகம் வந்துவிடும்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை டவுன்லோடு என்பது அதைச் சொல்லாது. ஒரு தூணோரம் நின்று பாருங்கள். தலை எத்தனை முறை நிமிர்கிறது? விரல் நீட்டிக் காட்டுகிறார்களா? கேம் கேட்காத எதையாவது பேசுகிறார்களா? ஒரு வாரம் கழித்து, "அன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். "எங்க டீம் ஜெயிச்சுது" என்று மட்டும் வந்தால் கேள்விகளைத் திருத்தி எழுத வேண்டும். "அந்த யானைக்குக் கால் மடிஞ்சிருந்துச்சு" என்று வந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

பரிசு கொடுக்கலாமா?

சாக்லேட்டும் பேனாவும் வேண்டாம், பரிசுக்காக ஓடத் தொடங்கிவிடுவார்கள். முடிந்தால் காப்பாட்சியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பொருளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், எப்படிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள் என்று அவர் வாயால் கேட்பது பிள்ளைகளுக்குப் பெரிய மரியாதையாகத் தெரியும்.

கேம் பாதியில் இருக்கும்போதே என் பிள்ளை ஒரே காட்சிப்பெட்டியின் முன் நின்றுவிட்டாள். அடுத்த துப்புக்கு வரமாட்டேன் என்கிறாள். கூப்பிட வேண்டுமா?

கூப்பிட வேண்டாம். போனைப் பையில் போட்டுவிட்டு நீங்களும் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று கேளுங்கள். பூட்டும் நேரம் ஆகிவிட்டாலும் பரவாயில்லை. விட்ட துப்பை இன்னொரு சனிக்கிழமை வந்து பிடித்துக்கொள்ளலாம்.